கையெழுத்தும் கைமாறிய வழியும்

1793 அக்டோபர் 16 அதிகாலை நாலரை மணிக்கு, பாரிஸின் கொன்சியெர்ஜெரி சிறையிலிருந்து பிரெஞ்சு அரசியாக இருந்த மரி அந்துவானெத் தன் நாத்தனார் எலிசபெத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அன்று நண்பகலில் அவருடைய தலை வெட்டப்பட்டது. கடிதம் எலிசபெத்தின் கைக்குப் போகவேயில்லை. சிறைக் காவலரிடமிருந்து புரட்சி நீதிமன்றத்தின் அரசு வழக்கறிஞர் ஃபூக்கியே தென்வீலிடமும், அங்கிருந்து புரட்சித் தலைவர் ரொபெஸ்பியரிடமும் போனது. 1794 ஜூலையில் ரொபெஸ்பியர் வீழ்ந்ததும், அவருடைய காகிதங்களை ஆராயும் பொறுப்பு கூர்த்வா என்ற மக்கள் பிரதிநிதிக்கு வந்தது. அவர் அறிக்கை கொடுத்தார். இந்தக் கடிதம் உட்படச் சில காகிதங்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். முடியாட்சி திரும்பி, மன்னரைக் கொல்ல வாக்களித்தவர்களை 1816இல் நாடு கடத்த முற்பட்டபோது, அவர்களில் ஒருவரான கூர்த்வா இந்தக் கடிதத்தைக் காட்டித் தப்பிக்கப் பேரம் பேசினார். பேரம் பலிக்கவில்லை. வீடு சோதனையிடப்பட்டது, கடிதம் பறிமுதலானது. இன்று அது பிரான்சின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் அரசியின் கையொப்பம் கிடையாது. இருப்பவை ஃபூக்கியேவின் கையொப்பமும் பின்னர் அதைக் கையாண்ட பிரதிநிதிகளின் கையொப்பங்களும்தான். அப்படியிருந்தும் அந்தக் கடிதத்தின் மேல் நம்பிக்கை நிற்கிறது. அது யார் யார் கையில் இருந்தது என்பது தெரியும் என்பதே அதற்குக் காரணம்.

பிரான்சின் அரசியல் தலைவர்கள் கைப்பட எழுதிய கடிதங்களைச் சேகரிக்கும் வழக்கத்துக்கு இரண்டு நூற்றாண்டு வரலாறு உண்டு. அந்த வரலாறு சொல்லும் பாடம் ஒன்றுதான்: கடிதத்தின் மதிப்பு கையெழுத்தின் அழகிலோ அரிதிலோ இல்லை, அது கைமாறி வந்த வழியில் இருக்கிறது. இந்தப் பாடத்தைச் சந்தை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை, ஏனென்றால் சந்தை பிறந்ததே வழிகள் அறுந்துபோன காலத்தில். 1790இல் புரட்சி அரசு தேசிய ஆவணக் காப்பகத்தை நிறுவியது. 1794 ஜூன் 25இல் வந்த சட்டம் அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைக் குடிமக்களுக்குத் தந்தது. அதே ஆண்டுகளில் பிரபுக்களின் பட்டயங்கள் தெருவில் எரிந்தன. பழைய காகிதமும் தோலேடும் பீரங்கி மருந்துப் பொதி கட்டப் போயின. பாரிஸில் ரஷ்யத் தூதரகத்தில் வேலை பார்த்த துப்ரோவ்ஸ்கி, சிதறிக் கிடந்த பாஸ்தீய் கோட்டைக் காகிதங்களையும் மடாலயச் சுவடிகளையும் வாங்கிச் சேர்த்தார். அவை இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தேசிய நூலகத்தில் உள்ளன. இப்படிச் சிதறியவற்றின் மேல்தான் வணிகம் எழுந்தது. 1830இல் ஷரவே குடும்பத்தின் கடை தொடங்கியது. 1862இல் அந்தக் குடும்பம் சேகரிப்பாளர்களுக்கென்றே ஓர் இதழையும் நடத்தத் தொடங்கியது.

கடைக்காரர்கள் சரக்கைத் தரம் பிரித்தார்கள். தலைவரே முழுக்க எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் விலைப்பட்டியலில் 'எல்.ஏ.எஸ்.' என்று குறிக்கப்படும். செயலர் எழுத, தலைவர் கையொப்பம் மட்டும் இட்டது 'எல்.எஸ்.'. முதல் வகைக்கு விலை அதிகம். வணிகத்துக்கு இந்தப் பிரிவு வசதிதான். ஆனால் பிரெஞ்சு ஆட்சியாளர்கள் எழுதிய முறைக்கு இது முழுதும் பொருந்தாது. பதினான்காம் லூயியின் செயலர் தூசேன் ரோஸ், மன்னரின் கையெழுத்தை அப்படியே எழுதும் அதிகாரம் பெற்றவர். அவர் எழுதியதை மன்னர் எழுதியதாகவே பெற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், அரசவையும் ஏற்றது. அது மோசடி அல்ல, பதவி. நெப்போலியன் நேர்மாறான சிக்கல். அவருடைய கையெழுத்து அவருக்கே விளங்காத அளவுக்கு மோசம் என்பார்கள். பூரியென், மென்வால், ஃபேன் என அடுத்தடுத்து வந்த செயலர்கள் அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். அடியில் 'நெப்போலியன்' என்றும், அவசரத்தில் 'நெப்' என்றும், சில நேரம் ஒரே எழுத்திலும் கையொப்பம் விழும். ஐரோப்பாவின் எல்லைகளை மாற்றிய ஆணைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் தர வகைதான். கிரெம்ளினை வெடிவைத்துத் தகர்க்கப் போவதாக 1812 அக்டோபர் 20இல் சங்கேத எண்களில் அனுப்பப்பட்ட கடிதம் 2012இல் 1,87,500 யூரோவுக்குப் போனது. அதே ஆண்டு, செயின்ட் ஹெலினா தீவில் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த நெப்போலியன் பயிற்சிக்காகத் தன் கையாலேயே எழுதிய ஒரு தாள் 3,25,000 யூரோவுக்குப் போனது. வரலாற்றுக்கு எது கனமானது என்று கேட்டால் யாரும் தயங்க மாட்டார்கள். சந்தை தன் அளவுகோலை வைத்து வேறு பதில் சொல்கிறது.

அளவுகோல் கையெழுத்து மட்டும் என்றாகிவிட்டால், அதைச் செய்து தரவும் ஆள் கிடைப்பார். மரி அந்துவானெத்தின் பெயர் அடிபட்ட இன்னொரு விவகாரம் இதைக் காட்டியது. 1864இல் பிரெஞ்சு வெளியுறவுத் துறையில் உயர் பதவியிலிருந்த ஃபெய்யே தெ கோன்ஷ், தம் சேகரிப்பிலிருந்து பதினாறாம் லூயி, அரசி, எலிசபெத் ஆகியோரின் கடிதங்களை வெளியிடத் தொடங்கினார். உருக்கமான கடிதங்கள், வாசகர்கள் கொண்டாடினார்கள். சற்றேறக்குறைய அதே சமயம் வியன்னாவில் வரலாற்றாசிரியர் ஆர்னெத், அரசி தன் தாய் மரியா தெரேசாவுக்கு எழுதிய கடிதங்களை ஹாப்ஸ்பர்க் அரசவைக் காப்பகத்திலிருந்து எடுத்து அச்சிட்டார். இரண்டையும் ஒப்பிட்ட ஜெர்மன் வரலாற்றாசிரியர் ஸீபெல், பாரிஸ் கடிதங்களில் பல போலி என்று நிறுவினார். மணமாகி வந்த சிறுமியின் எழுத்து தடுமாற்றமானது, ஆண்டுகள் போகப் போகவே அது முதிர்ந்தது என்பதை வியன்னாக் கடிதங்கள் காட்டின. பாரிஸ் கடிதங்களிலோ தொடக்கத்திலேயே முதிர்ந்த கை. வியன்னாக் கடிதங்கள் எழுதப்பட்ட நாளிலிருந்து ஒரே காப்பகத்தில் கிடந்தவை. பாரிஸ் கடிதங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்குச் சேகரிப்பாளரின் சொல்லைத் தவிரச் சான்று இல்லை. சேகரிப்பாளர் ஏமாற்றினாரா, ஏமாந்தாரா என்ற விவாதம் தொடர்ந்தது. கடிதங்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான்.

இன்னும் பெரிய பாடம் 1869இல் வந்தது. புகழ்பெற்ற கணித அறிஞரும் அறிவியல் அகாதெமி உறுப்பினருமான மிஷெல் ஷால், வ்ரேன் லூக்கா என்பவரிடமிருந்து எட்டு ஆண்டுகளில் சுமார் 27,000 கடிதங்களை ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பிராங்க் அளவுக்குக் கொடுத்து வாங்கியிருந்தார். ஈர்ப்பு விதியை நியூட்டனுக்கு முன்பே பாஸ்கல் கண்டுபிடித்துவிட்டார் என்று காட்டும் கடிதங்களை 1867இல் அகாதெமியில் வைத்தார். இரண்டு ஆண்டு விவாதம் நடந்தது. சீசருக்கு கிளியோபாத்ரா எழுதியதும், கால் இனத்தின் தலைவர் வெர்சின்ஜெடோரிக்ஸ் எழுதியதும் அந்தக் குவியலில் இருந்தன. எல்லாமே பிரெஞ்சில், காகிதத்தில். இப்படியும் ஓர் அறிஞர் ஏமாறுவாரா என்று சிரிக்கத் தோன்றும். லூக்கா விற்றதில் கடிதத்தோடு ஒரு கதையும் இருந்தது: புரட்சிக் காலத்தில் கப்பலேறி அமெரிக்காவுக்குத் தப்பிய ஒரு பிரபுவின் சேகரிப்பு இது, கப்பல் மூழ்கியது, காகிதம் தப்பியது. வழி இல்லாத கடிதம் விற்காது என்பது மோசடிக்காரருக்குத் தெரிந்திருந்தது. அதனால் வழியையும் சேர்த்துச் செய்தார். அந்தப் பிரபுவின் சேகரிப்பை வேறு யாராவது பார்த்ததுண்டா, எங்காவது பட்டியல் உண்டா என்று ஷால் கேட்டிருந்தால் பாஸ்கல் விவகாரம் எழுந்தே இருக்காது. 1870 பிப்ரவரியில் லூக்காவுக்கு இரண்டு ஆண்டு சிறையும் 500 பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன.

தேர்ந்த நிபுணர் எழுத்தைப் பார்த்தே உண்மையைச் சொல்லிவிடுவாரே என்று ஒரு மறுப்பு எழும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் அப்படிப்பட்டவர் என்றால் மேலே சொன்ன ஷரவே குடும்பத்தின் எத்தியேன் ஷரவேதான். ஆவணக் கல்வி முறையாகப் பயின்றவர், லூக்கா வழக்கைப் பற்றி எழுதியவர், புரட்சிக் காலப் படைத் தலைவர் கார்னோவின் கடிதங்களைப் பதிப்பித்தவர். 1894இல் பிரெஞ்சுப் படை அதிகாரி த்ரெய்ஃபுஸ் மேல் தொடுக்கப்பட்ட உளவு வழக்கில், ஜெர்மன் தூதரகத்துக்குப் போன துண்டுக் காகிதம் யார் எழுதியது என்று கேட்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். எச்சரிக்கையோடுதான் என்றாலும், அது த்ரெய்ஃபுஸின் கை என்றே சொன்னார். உண்மையில் அதை எழுதிய எஸ்தர்ஹாசியின் எழுத்தைப் பின்னர் பார்த்தவர், 1899இல் ரென் நகரில் நடந்த மறுவிசாரணையில் தாம் தவறிவிட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இந்த நேர்மை அவருக்குப் பெருமை. அவர் சார்ந்த கலைக்கு அது எல்லை வகுத்தது. கையெழுத்து ஒப்பீடு, இன்னார் எழுதியிருக்கலாம் என்பது வரை கொண்டுபோகும். அதற்கு மேல் போக, காகிதம் எங்கே கிடந்தது, யார் எடுத்தார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

அப்படியென்றால் தனியார் சேகரிப்பே வேண்டாம், எல்லாவற்றையும் அரசுக் காப்பகத்தில் சேர்த்துவிடலாம் என்பது அடுத்த மறுப்பு. இது வலுவானது, ஏனென்றால் காப்பகம்தான் வழியை அறுபடாமல் வைக்கும் இடம். ஆனால் அரசும் ஒரு தரப்புதான். மூன்றாம் நெப்போலியன் 1854இல் அமைத்த குழு, அவருடைய பெரியப்பா நெப்போலியனின் கடிதங்களை 1858 முதல் 32 தொகுதிகளாக வெளியிட்டது. பேரரசரே தம்மைப் பிற்காலத்துக்குக் காட்ட விரும்பியிருந்தால் எவற்றை வெளியிட்டிருப்பாரோ அவற்றை வெளியிடுவதே நெறி என்று குழுவின் தலைவராக இருந்த இளவரசர் நெப்போலியன் கூறினார். சங்கடமானவை விடுபட்டன. 2004 முதல் 2018 வரை நெப்போலியன் அறக்கட்டளை வெளியிட்ட 15 தொகுதிகளில் 40,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் இடம்பெற்றன. அந்தப் பணிக்கு அரசுக் காப்பகங்களோடு தனியார் சேகரிப்புகளும், பழைய ஏலப் பட்டியல்களும் உதவின. நாள், இடம், சாரம், சில வரிகள் என்று கடைக்காரர் விற்பனைக்காக அச்சிட்ட குறிப்பே பல கடிதங்களுக்கு இன்று மிஞ்சிய ஒரே தடயம். ரொபெஸ்பியரின் கதையும் இப்படித்தான். அவரோடு வீழ்ந்து தன்னைத்தானே சுட்டுக்கொண்ட லெபாவின் குடும்பம், ரொபெஸ்பியரின் கையெழுத்துப் படிகளைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தது. அந்தப் பெயரையே உச்சரிக்கக் கூசிய ஆட்சிகள் பல வந்துபோயின. காகிதம் வீட்டில் பத்திரமாக இருந்தது. 2011 மே மாதம் பாரிஸில் ஏலத்துக்கு வந்தபோது, ரொபெஸ்பியர் ஆய்வுக் கழகம் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியது. அரசு தன் முன்னுரிமையைப் பயன்படுத்தி ஏறத்தாழ 9,80,000 யூரோவுக்கு வாங்கியது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் தந்த முன்னுரிமை இது: ஏலத்தில் கடைசி விலை விழுந்ததும், அதே விலைக்கு அரசு எடுத்துக்கொள்ளலாம். விற்பவருக்கு நட்டமில்லை, நாட்டுக்கும் இழப்பில்லை. தனியாரின் பொறுமையும் அரசின் உரிமையும் ஒன்றுக்கொன்று துணைநின்ற இடம் இது.

தனியார் உரிமைக்கு வரம்பும் உண்டு. 1940 டிசம்பர் முதல் 1942 டிசம்பர் வரை லண்டனிலிருந்து தெ கோல் எழுதிய தந்தி வரைவுகள் 313 தாள்கள் ஒரு சேகரிப்பில் இருந்தன. அரசு அவற்றைத் திரும்பக் கேட்டது. ஒரு தளபதி நாடிழந்து நின்றபோது எழுதியது எப்படி அரசு ஆவணமாகும் என்பது எதிர்வாதம். குடியரசின் சட்டநிலையை மீட்ட 1944 ஆகஸ்ட் 9 ஆணையின்படி, தெ கோல் தலைமையிலான 'சுதந்திர பிரான்ஸ்' இயக்கமே தேசத்தின் இறைமையைத் தாங்கியது. எனவே அவை பொது ஆவணங்கள் என்று நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பொது ஆவணத்தை விற்க முடியாது. எத்தனை ஆண்டு கழிந்தாலும் அரசின் உரிமை காலாவதியாகாது. சரியான தீர்ப்பு இது. காதல் கடிதத்துக்கும் ஆட்சித் தந்திக்கும் எழுதியவர் ஒருவரே ஆனாலும், எழுதிய பதவி வேறு. அதே காலத்தில் இன்னொரு வரம்பும் வெளிப்பட்டது. கடிதங்களைப் பங்குகளாகப் பிரித்து முதலீடாக விற்ற அரிஸ்தோஃபில் நிறுவனம் 2015இல் மூழ்கியது. சுமார் 18,000 பேர் போட்ட 80 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட பணம் அதில் சிக்கியது. அதன் இருப்பு ஆண்டுக்கணக்கில் ஏலமிடப்பட்டது. தன் மனைவி ஜோசஃபினுக்கு நெப்போலியன் எழுதிய மூன்று கடிதங்கள் மட்டும் 2019இல் 5,13,000 யூரோ பெற்றன. கடிதம் விலைச்சீட்டாக மாறும்போது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் எங்கிருந்து வந்தது என்பதையும் யாரும் கேட்பதில்லை.

மூலப்பத்திரம் பார்க்காமல் நம் ஊரில் யாரும் நிலம் வாங்குவதில்லை. கடிதத்துக்கும் அதே விதிதான். தலைவர்களின் கடிதங்களைச் சேகரிக்க விரும்புவோர் கையொப்பத்தைப் பார்க்கும் முன், இதற்கு முன் யாரிடம் இருந்தது என்று கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கிக் கடிதத்தோடு வைக்க வேண்டும். கேட்கும் ஆய்வாளருக்கு நகல் கொடுக்க வேண்டும். ஆட்சிக் காகிதம் கைக்கு வந்தால் காப்பகத்துக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்பவர் சேகரிப்பாளர். செய்யாதவர் பழைய காகிதம் வாங்கியவர், அவ்வளவே.