பாலஸ்தீனப் பிரிவினையும் சென்னையில் தீர்ப்பெழுதிய நீதிபதியும்



கோவளம் போன்ற நம் கடலோர ஊர்களில் ஜும்ஆவுக்குப் பின் பாலஸ்தீன மக்களுக்காகக் கையேந்தி நிற்கிறோம். ஆனால் அந்தப் பூமியை இரண்டாகப் பிரித்தது யார், எங்கே வைத்துப் பிரித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், நம்மில் பலர் 1948 என்ற ஆண்டைச் சொல்லி நிறுத்திக் கொள்கிறோம். அதற்கு முந்தைய ஆண்டில் நடந்தவையும், அவற்றில் சென்னை உயர்நீதிமன்றத்தில் முன்னர் பணியாற்றிய ஒருவர் எடுத்த நிலைப்பாடும் நாம் அறிய வேண்டியவையாகும்.

முதல் உலகப் போரில் உஸ்மானியரிடமிருந்து பாலஸ்தீனம் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. அரபிகளுக்கு விடுதலை என்று வாக்களித்த அதே பிரிட்டன், 1917-இல் பால்ஃபர் பிரகடனத்தின் மூலம் அங்கே யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய உதவுவதாகவும் வாக்களித்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்க இயலாமல், ஐ.நா. சபையிடம் பிரச்சினையை ஒப்படைத்தது. 1947 மே மாதத்தில் 11 நாடுகளின் பிரதிநிதிகளைக் கொண்ட விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. அதில் இந்தியாவின் பிரதிநிதியாக இடம்பெற்றவர் ஸர் அப்துர் ரஹ்மான். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பின்னர் லாகூர் உயர்நீதிமன்றத்திற்குச் சென்றவர்.

பாலஸ்தீன அரபுத் தலைமை அக்குழுவைப் புறக்கணித்தது. அவர்களின் கோபம் நியாயமானதே. எனினும், ஒரு தரப்பு வராத வழக்கில் அத்தரப்பின் வாதம் எப்படிப் பதிவாகும்? அண்டை அரபு நாடுகளின் பிரதிநிதிகள் லெபனானில் குழுவின் முன் பேசியது மட்டுமே ஓரளவு ஆறுதல்.

குழு ஜெனீவாவில் அமர்ந்து அறிக்கை தயாரித்துக் கொண்டிருந்தபோது ஆகஸ்ட் 15 வந்தது. பிரிவினை வேண்டாம் என்று பாலஸ்தீனத்துக்காக வாதாடியவரின் சொந்த நாடே அன்று இரண்டாகிவிட்டிருந்தது! ஆகஸ்ட் 31 அன்று அறிக்கை கையெழுத்தானது. ஏழு நாடுகள் பிரிவினையைப் பரிந்துரைத்தன. ஆஸ்திரேலியா எதையும் ஆதரிக்கவில்லை. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்றும் மாற்றுத் திட்டம் ஒன்றை முன்வைத்தன. அரபு, யூத மாநிலங்கள் இரண்டும் இணைந்த ஒரே கூட்டாட்சி, அதற்கு ஜெரூசலம் தலைநகர், அனைவருக்கும் ஒரே குடியுரிமை என்பதே அத்திட்டம். ஒரு சட்டமன்ற அவையில் மக்கள்தொகைப்படியும் மற்றதில் சரிசமமாகவும் இரு சமூகத்தாரும் அமர்வார்கள். அரபுத் தலைமையும் யூத முகமையும் இதனை ஏற்கவில்லை. அப்துர் ரஹ்மான் தனிக் குறிப்பொன்றும் எழுதி அறிக்கையுடன் இணைத்தார். அந்நாட்டு மக்களின் சுயநிர்ணய உரிமையே அதன் அடிப்படை.

மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அரபிகள். பிரிவினைத் திட்டமோ நிலத்தில் பாதிக்கும் மேல் யூத அரசுக்கு ஒதுக்கியது. மக்களின் சம்மதமின்றி இப்படிப் பிரிக்க ஐ.நா.வுக்கு அதிகாரம் உண்டா என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்கலாம் என்ற யோசனை நவம்பரில் எழுந்தது. அதற்கு ஆதரவாக 20 வாக்குகள், எதிராக 21. ஒரே ஒரு வாக்கில் அந்தக் கேள்வி நீதிமன்றத்தின் வாசலுக்குப் போகாமலே நின்றது. நவம்பர் 29 அன்று 33 நாடுகள் பிரிவினைக்கு ஆதரவாகவும், இந்தியாவும் பாகிஸ்தானும் உள்ளிட்ட 13 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன.

பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவையே. 1948 போரின் முடிவில் பாலஸ்தீனத்தின் 78 விழுக்காடு இஸ்ரேலிடம் இருந்தது. ஏறத்தாழ 7 லட்சம் பேர் அகதிகளாயினர். மேற்குக் கரை ஜோர்தானிடமும் காஸா எகிப்திடமும் இருந்தன. 1967-இல் ஆறே நாட்களில் அவ்விரண்டுடன் கிழக்கு ஜெரூசலம், சினாய், கோலான் குன்றுகள் ஆகியவையும் பறிபோயின. கைப்பற்றிய பகுதிகளிலிருந்து விலக வேண்டும் என்று ஐ.நா.வின் 242-ஆம் தீர்மானம் கூறியது. ஆனால் அதன் ஆங்கில வாசகத்தில் 'அனைத்துப் பகுதிகள்' என்று தெளிவாக இல்லை. அந்த இடைவெளியை வைத்தே எத்தனை ஆண்டுகள் வாதம் வளர்க்கப்பட்டது! 1973 போருக்குப் பின் சமாதான உடன்படிக்கை செய்துகொண்ட எகிப்து 1982-இல் சினாயை மீட்டது. மற்றவை அப்படித் திரும்பவில்லை.

பாலஸ்தீன நிலம் பற்றிய சட்டக் கேள்விகள் பிற்காலத்தில் சர்வதேச நீதிமன்றத்திற்குச் சென்றன. ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பது சட்டவிரோதம் என்று 2024 ஜூலை 19 அன்று அந்நீதிமன்றம் கருத்துரைத்தது. 11 நீதிபதிகள் அதற்கு ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு. அந்தப் பதினொருவரில் இந்திய நீதிபதி தல்வீர் பண்டாரியும் ஒருவர்.