விமானத்தில் திடீர்னு ‘டமால்’ சத்தம் ஏன்? கம்ப்ரசர் சர்ஜ் என்றால் என்ன, அதைத் தடுப்பது எப்படி?

ஆனையூரில் இருந்து கிளம்பினால் மதுரை நகரத்தையே கடந்து தெற்குக் கோடிக்குப் போனால்தான் விமான நிலையம். அங்கே சென்னை செல்லும் ஏடிஆர் 72 விமானத்தில் ஏறியவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருக்கலாம். வலதுபக்க எஞ்சின் ஓடும் சத்தம் கேட்கும், ஆனால் அதன் புரொப்பல்லர் சுற்றாது. ரிப்பேர் எதுவும் இல்லை. புரொப்பல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, கேபினுக்குக் காற்றும் கரண்டும் கொடுக்க எஞ்சினை ஓட விடுகிறார்கள். இதற்கு ‘ஹோட்டல் மோட்’ என்று பெயர்.

ஆக, நாம் விமானத்தில் சுவாசிக்கிற காற்று ஒரு கம்ப்ரசர் வழியாகத்தான் வருகிறது. அந்தக் கம்ப்ரசருக்கு வரக்கூடிய முக்கியமான கோளாறுதான் ‘சர்ஜ்’.

பஞ்சர் கடை கம்ப்ரசருக்கு இது வராது!

பஞ்சர் கடையில் இருப்பது பிஸ்டன் கம்ப்ரசர். காற்றைச் சிலிண்டருக்குள் அடைத்து, அமுக்கி, வால்வு வழியாக டேங்குக்குள் தள்ளும். உள்ளே போன காற்று திரும்பி வராதபடி வால்வு மூடிக்கொள்ளும்.

விமானக் கம்ப்ரசரில் அப்படி மூடுகிற கதவு எதுவும் கிடையாது. வேகமாகச் சுற்றும் பிளேடுகள் காற்றை விடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் மட்டும்தான் அது முன்னால் போகிறது. முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு. மேட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி, தள்ளுவது ஒரு நொடி தளர்ந்தாலும் வண்டி நம் மேலேயே உருண்டு வரும்.

எப்போது தளரும்? உள்ளே வரும் காற்றின் அளவு குறைந்து, வெளியே தள்ள வேண்டிய அழுத்தம் மட்டும் அப்படியே இருக்கும்போது. பிளேடின் மேல் ஒட்டிப் போக வேண்டிய காற்று பிய்த்துக்கொண்டு சுழலும். பிளேடு பிடியை இழக்கும். அழுத்தமாக இருந்த காற்று மொத்தமும் வந்த வழியே திரும்பும். அழுத்தம் இறங்கியதும் பிளேடுகள் மறுபடி தள்ள ஆரம்பிக்கும், மறுபடி திரும்பும். ஒரே நொடிக்குள் இது பல தடவை நடக்கலாம். எஞ்சினில் நடந்தால் வெடி போட்ட மாதிரி ‘டமால் டமால்’ சத்தம் வரும், சில சமயம் நெருப்பும் தெரியும். பறவை மோதுவது, பனிக்கட்டி உள்ளே போவது, பிளேடு தேய்வது எல்லாமே இதற்குக் காரணமாகலாம்.

129 பேர் உயிர் பிழைத்த கதை

1991 டிசம்பர் 27. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் ஆர்லாண்டா விமான நிலையத்தில் இருந்து எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் எம்டி-81 விமானம் கிளம்பியது. இறக்கையில் கண்ணாடி போலப் படிந்திருந்த பனியை யாரும் முழுசாக அகற்றவில்லை. மேலே எழும்பும்போது அது உடைந்து, பின்னால் இருந்த இரண்டு எஞ்சின்களுக்குள்ளும் போனது. முன்வரிசை பிளேடுகள் சேதமாகி, சர்ஜ் தொடங்கியது.

இந்த நேரத்தில் செய்ய வேண்டியது எஞ்சின் பவரைக் குறைப்பது. எரிபொருள் குறைந்தால் உள்ளே அழுத்தம் இறங்கும், காற்று மறுபடி ஒழுங்காக ஓடும். ஆனால் நடந்தது நேர் எதிர். பவர் குறைந்தால் தானாகவே ஏற்றிவிடும் ஒரு அமைப்பு அந்த விமானத்தில் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே விமானிகளுக்குத் தெரியாது. அது பவரை ஏற்ற ஏற்ற சர்ஜ் அதிகமானது. கிளம்பி ஒன்றரை நிமிடத்துக்குள் இரண்டு எஞ்சின்களும் போயின. விமானத்தை ஒரு வயலில் இறக்கினார்கள். அது மூன்று துண்டாக உடைந்தது. ஆனாலும் உள்ளே இருந்த 129 பேரும் பிழைத்தார்கள். சர்ஜை அடையாளம் கண்டு நிறுத்த விமானிகளுக்குப் போதுமான பயிற்சி கொடுக்கப்படவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது.

அப்போ எப்படித் தடுக்கிறார்கள்?

அடிப்படை யோசனை ஒன்றுதான்: கம்ப்ரசர் வழியாகப் போகும் காற்று ஒரு அளவுக்குக் கீழே குறையவே கூடாது. அந்த எல்லைக்கு ‘சர்ஜ் லைன்’ என்று பெயர். கம்ப்ரசர் எப்போதும் அந்தக் கோட்டில் இருந்து கொஞ்சம் தள்ளியே இயங்கும்படி பார்த்துக்கொள்வார்கள்.

ஏடிஆரின் எஞ்சினில் இரண்டு கம்ப்ரசர்கள், தனித்தனித் தண்டில் சுற்றும். பவர் குறைவாக இருக்கும்போது முதல் கம்ப்ரசர் தரும் காற்று இரண்டாவதுக்கு அதிகமாகிவிடும். அதனால் நடுவில் ஒரு வால்வைத் திறந்து உபரியை வெளியே விடுகிறார்கள். காசு கொடுத்து அமுக்கிய காற்றை வீணாக்குகிறோமே என்று தோன்றலாம். வீணாவது நிஜம்தான், ஆனால் எஞ்சின் போவதைவிட மலிவு.

ஏர்பஸ் ஏ320 மாதிரி விமானங்களில் வால் பகுதியில் ஏபியு என்ற குட்டி எஞ்சின் இருக்கும். தரையில் நிற்கும்போது ஏசிக்கான காற்றை அதுதான் தரும். கேபினுக்குப் போகும் காற்றைத் திடீரென்று நிறுத்தினால், அமுக்கிய காற்று போக இடமில்லாமல் திரும்பிவிடும். உடனே சர்ஜ் கண்ட்ரோல் வால்வு திறந்து காற்றைப் புகைபோக்கிப் பக்கம் திருப்பிவிடும். கம்ப்ரசருக்குள் நுழையும் காற்றைக் கூட்டிக் குறைக்க வாசலில் திரும்பக்கூடிய தகடுகளும் உண்டு.

போயிங் 787 கதையே வேறு. ஏர் இந்தியாவுக்கு 2012ல் வந்த ட்ரீம்லைனர் இதுதான். கேபினுக்கான காற்றை எஞ்சினில் இருந்து எடுக்காமல், மின்மோட்டாரில் ஓடும் நான்கு தனிக் கம்ப்ரசர்கள் வெளிக்காற்றை நேரடியாக இழுக்கின்றன. 39,000 அடியில் வெளியே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். கேபினுக்குள் 6,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தம் வேண்டும், அதாவது நம்ம கொடைக்கானலைவிடக் கொஞ்சம் கீழே. கணக்குப் போட்டால் சுமார் நான்கு மடங்கு ஏற்ற வேண்டும். விமானம் வேகமாகப் போவதால் காற்று தானே உள்ளே அமுங்குவது கொஞ்சம் கைகொடுக்கும், மீதி முழுக்கக் கம்ப்ரசர் வேலை. இழுக்கக் கிடைப்பதோ மெல்லிய காற்று. சர்ஜுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

இந்த வகைக் கம்ப்ரசர்களில் இன்னொரு வசதியும் உண்டு. மோட்டார் வேகத்தைத் தேவைக்கு ஏற்ப மாற்றலாம். சென்சார்கள் அழுத்தத்தையும் காற்றின் அளவையும் விடாமல் கவனிக்கும். கோட்டை நெருங்குகிறது என்று தெரிந்தால் கண்ட்ரோலர் வேகத்தைச் சரிசெய்யும், அல்லது அமுக்கிய காற்றில் ஒரு பகுதியை வேறு வழியில் விட்டு ஓட்டத்தைக் கூட்டும். சர்ஜ் வந்த பிறகு எடுக்கும் நடவடிக்கை அல்ல இது, வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். காற்று திரும்ப மனிதன் கண் இமைக்கும் நேரம்கூடத் தேவையில்லை, அதனால்தான் இந்த வேலை விமானியின் கையில் இல்லை.

பயணிகள் பயப்படணுமா?

ஏசி சத்தம் திடீரென்று ஏறி இறங்குவது பெரும்பாலும் வால்வுகள் திறந்து மூடுவதுதான். பறக்கும்போது ‘டமால்’ கேட்டு, ஜன்னல் வழியாக நெருப்பு தெரிந்தால் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்து, கேபின் ஊழியர்கள் சொல்வதைக் கேட்பதுதான் சரி. இரண்டு எஞ்சின் கொண்ட பெரிய பயணிகள் விமானம் எதுவானாலும், ஒன்று நின்றாலும் மற்றொன்றில் பறந்து இறங்க முடியும் என்று நிரூபித்த பிறகே அதற்கு அனுமதி கிடைக்கிறது.