வேலைக்குக் காத்திருந்தோர் வரலாறு



அரசர்கள் செய்த போர்களையும், ஆட்சிகள் மாறிய ஆண்டுகளையும் நீங்கள் பாடநூல்களிற் படிக்கிறீர்கள். படிப்பை முடித்து, சான்றிதழைக் கையில் ஏந்தி, வேலை தேடி நடந்த இளைஞனுக்கு அந்நூல்களில் ஓர் அதிகாரம் இல்லை. ஆயினும் ஆராய்ந்து பார்த்தால், இன்று நாம் இயல்பாகப் பயன்படுத்தும் பொது நிறுவனங்கள் சில, அவ்விளைஞனின் காத்திருப்பையும் மனக்குறையையும் முன்னிட்டு எழுந்தவை என்பது விளங்கும். அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சென்னையில் அடையாற்றின் தென்கரையில் உள்ளது கோட்டூர்புரம். அங்கே காந்தி மண்டபச் சாலையில், அண்ணா பல்கலைக்கழகத்திற்கு எதிரே, அண்ணா நூற்றாண்டு நூலகம் ஓங்கி நிற்கிறது. காலையில் அதன் வாயிலிற் போய்ப் பாருங்கள். தோளில் ஒரு பை, பைக்குள் இரண்டு மூன்று தேர்வு வழிகாட்டி நூல்கள், ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு சோற்றுப் பாத்திரம். இவற்றோடு இளைஞர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பட்டம் பெற்றும் பணி பெறாதவர்கள் அவர்கள். பலர் வெளியூரினர். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஓர் அறையை மூவர் நால்வராகப் பகிர்ந்து வாழ்ந்து, பறக்கும் ரயிலில் ஏறி வந்து, சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென ஒதுக்கிய பகுதியில் மாலைவரை அமர்கிறார்கள். இடையிடையே ஒரு தேநீர். கைப்பேசியிற் சிறிது நேரம் கிரிக்கெட் அல்லது திரைப்பாட்டு. நாளிதழைக் கண்டால் அரசியல் வாதம். அவர்களின் நாள் இவ்வாறு கழிகிறது.

இவ்விளைஞன் புதியவன் அல்லன். நூறு ஆண்டுகளுக்கு முன்பும் அதே திருவல்லிக்கேணியில் அவன் இருந்தான். அவர்களுள் ஒருவரை உலகம் அறியும். கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் அவர்.

இராமானுசன் எஃப்.ஏ. தேர்வில் கணிதம் நீங்கலான பாடங்களில் நாட்டம் செல்லாமல் தோற்றார். கும்பகோணத்திலும் தோல்வி, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தோல்வி. பட்டம் இல்லாத அவர், 1910 முதல் தம் கணிதக் குறிப்பேடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, பெரிய மனிதர் வீடுகளின் வாயில்களை நாடினார். நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் உதவினார். பிறகு கணக்காயர் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரத் தற்காலிக வேலை. 1912 பிப்ரவரி 9-ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்திற்கு விண்ணப்பம் எழுதினார். மார்ச்சு முதல் நாள் 30 ரூபாய்ச் சம்பளத்திற் குமாஸ்தா ஆனார். அடுத்த ஆண்டு சனவரி 16-ஆம் நாளில்தான் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு அவர் தம் முதற் கடிதத்தை எழுதினார். 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இக்கதையை நாம் பெருமையுடன் சொல்கிறோம். அதில் அடங்கிய மற்றொரு செய்தியைக் கவனிப்பதில்லை. அந்த 30 ரூபாய் வேலையும் அவருக்குக் கிடைத்தது அறிமுகக் கடிதங்களால்; ஒருவர் மற்றொருவரிடம் அனுப்பியதால்; மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரையால். இராமானுசனுக்கே பரிந்துரை வேண்டியிருந்தது என்றால், சிற்றூரிலிருந்து வந்த, எவரையும் அறியாத ஓர் உழவரின் மகனுக்கு எந்தக் கதவு திறந்திருக்கும்?

இவ்வினாவே அக்காலச் சென்னை அரசியலில் எரியும் வினாவாயிற்று. 1916-இல் பிட்டி. தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை, அரசுப் பதவிகள் எவரெவரிடம் உள்ளன என்று எண்களைக் கொண்டே வாதிட்டது. 1921-இல் நீதிக்கட்சி அமைச்சரவை, பதவிகளை எல்லா வகுப்பினருக்கும் பகிர்ந்தளிக்கும் ஆணையைப் பிறப்பித்தது. 1929-இல் சென்னைப் பணியாளர் தேர்வாணையச் சட்டம் நிறைவேறியது. இந்திய மாகாணங்களுள் இத்தகைய ஆணையத்தை முதலிற் கண்டது நம் சென்னை மாகாணமே. இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அதன் வழித்தோன்றல். விண்ணப்பதாரர் பெயரை விட்டு அவருடைய பதிவெண்ணைப் பார்க்கும் முறை, எவரையும் அறியாதவனுக்கு நாடு அளித்த முதல் அறிமுகக் கடிதம் எனலாம்.

அந்நாளில் வேலையற்ற இளைஞனின் பொழுதுபோக்கு யாது? காசில்லாதவனுக்குக் கடற்கரை இருந்தது. 1930-இல் சென்னை மாநகராட்சி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. வீட்டில் வானொலிப் பெட்டி வாங்க இயலாதவர்கள் மெரினாவின் மணலில் அமர்ந்து ஒலிபெருக்கி வழியே இசை கேட்டார்கள். 1938 சூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. பின்னர்த் தேநீர்க் கடை வானொலி அவனுக்குச் செய்தியையும் பாட்டையும் ஒருங்கே தந்தது. ஒரு தேநீரின் விலைக்கு உலகச் செய்தி!

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, படையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வேலை தேடித்தர 1945-இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கப்பட்டன. 1948-இல் அவை அனைவருக்கும் திறந்தன. 1956 நவம்பர் முதல் நாளிலிருந்து அவற்றின் அன்றாட நிருவாகம் மாநிலங்களிடம் வந்தது. 1959-இல் இயற்றிய சட்டம், காலியிடங்களை இவ்வலுவலகங்களுக்குக் கட்டாயமாக அறிவிக்கவேண்டும் என்றது. அறிவிக்க வேண்டும் என்றதேயன்றி, அவர்கள் அனுப்பியவரையே நியமிக்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. இவ்வேறுபாட்டை மாணவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

வேலையின் ஏக்கம் எத்துணை வலிய அரசியல் ஆற்றல் என்பதை 1965 காட்டியது. அவ்வாண்டு சனவரி 26 முதல் இந்தியே ஒன்றியத்தின் ஆட்சிமொழி ஆகவிருந்தது. மாணவர் கிளர்ச்சிக்கு மொழிப்பற்று ஓர் அடிப்படை. மத்திய அரசுத் தேர்வுகளை இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவரோடு இந்தியிலேயே எழுதிப் போட்டியிட நேருமோ என்ற அச்சம் மற்றோர் அடிப்படை. உயிர்கள் பல பலியாயின. பிப்ரவரி 11-ஆம் நாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியிற் பேசி, நேரு தந்த உறுதிமொழி காக்கப்படும் என்றும், அகில இந்தியப் பணித் தேர்வுகளில் ஆங்கிலம் தொடரும் என்றும் அறிவித்தார். 1967 தேர்தலில் விருதுநகர்த் தொகுதியில் மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசன், பெருந்தலைவர் காமராசரை 1,285 வாக்குகளில் வென்றார். 1979 முதல் மத்திய ஆட்சிப்பணித் தேர்வைத் தமிழிலும் எழுத வழி பிறந்தது. கோட்டூர்புரத்தில் தமிழிற் குறிப்பெடுக்கும் மாணவர் அறியவேண்டிய செய்தி இது.

எனக்கும் இவ்வரிசையில் ஓர் இடம் உண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்தபின், 1983-இல் வேலைவாய்ப்பு அலுவலகத்திற் பதிவு செய்துகொண்டேன். அந்நாளில் ஆசிரியர் பணிக்குப் பதிவு மூப்பே பெரிதும் வழி. மூன்றாண்டுக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்கவேண்டும்; தவறினால் மூப்புப் போகும். ஒரு தனியார் பள்ளியில் நேர்காணலுக்குச் சென்றேன். என் பாடத்தைப் பற்றிக் கேட்காமல், பள்ளிக்கு எவ்வளவு நன்கொடை தருவீர்கள் என்று கேட்டார்கள், எழுந்து வந்துவிட்டேன். ஆறு ஆண்டுகள் தனிப்பயிற்சிக் கல்லூரியிற் பாடம் நடத்தி உண்டேன். மாலையில் நண்பர்களோடு தேநீர்க் கடைப் பலகை. மாதம் ஒருமுறை திரைப்படம். வீட்டிற்கு வருகிற உறவினர், "தம்பி இன்னும் சும்மாத்தான் இருக்கிறானா?" என்று தந்தையாரைக் கேட்பார். அந்தச் 'சும்மா' என்ற சொல் போல் என்னைச் சுட்ட சொல் வேறில்லை. பத்து மணி நேரம் உழைப்பவனுக்கும் நியமன ஆணை இல்லையெனில் ஊர் சூட்டும் பெயர் அது.

திரைப்படங்களும் இம்மாறுதலைப் பதிவு செய்தன. 1980-இல் பாலசந்தர் இயக்கிய 'வறுமையின் நிறம் சிவப்பு', தில்லியில் வேலையின்றிப் பசித்த தமிழ் இளைஞனைக் காட்டிற்று. இறுதியில் அவன் பட்டத்தின் செருக்கை விட்டு முடிதிருத்தும் தொழிலை ஏற்கிறான். 2014-இல் வெளிவந்த 'வேலையில்லா பட்டதாரி', பொறியியல் படித்த இளைஞனை அதே நிலையில் நிறுத்தியது. முப்பத்துநான்கு ஆண்டுகளில் நாட்டில் கல்லூரிகள் பெருகின. அரங்கில் அமர்ந்த இளைஞன் தன்னைத் தானே திரையிற் காண்பது மட்டும் மாறவில்லை.

இடையில் ஒரு கடுங்காலம் வந்தது. 2001-ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாடு அரசு, ஒரு சில துறைகள் நீங்கலாகப் புதிய நியமனங்களுக்குத் தடை விதித்தது. 2006-இல்தான் அது நீங்கியது. நான்காண்டுக்கு மேல் என்பது அரசின் கணக்கில் ஏறத்தாழ ஒரு திட்டக் காலம். இளைஞனின் கணக்கிலோ இருபத்திரண்டு வயது இருபத்தாறாகும் காலம்.

இனி மீண்டும் நூலகத்திற்கு வருவோம். 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. விடுதலை இந்தியாவில் அதுவே முதலாவது. நூலகத் தந்தை சீ. இரா. அரங்கநாதனின் நெடுநாள் முயற்சியும், கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரின் ஆர்வமும் அதற்குத் துணை. இச்சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் பெறப்படுகிறது. ஆதலால் பொது நூலகம் அரசு இரங்கி அளித்த கொடை அன்று. ஓட்டு வீட்டுக்காரரும் வரி கொடுத்து வளர்த்த உடைமை.

அவ்வழியில் 2010 செப்டம்பர் 15-ஆம் நாள், முதலமைச்சர் மு. கருணாநிதி கோட்டூர்புர நூலகத்தைத் திறந்துவைத்தார். ஓராண்டு கழிந்தது, ஆட்சியும் மாறிற்று. 2011 நவம்பர் தொடக்கத்தில், இக்கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றி, நூலகத்தை வேறிடத்திற்குக் கொண்டுசெல்வதென அரசு முடிவு செய்தது. குழந்தைகளுக்கு மருத்துவமனை வேண்டாம் என்று எவர் சொல்வர்? ஆயினும் ஒரு நன்மைக்காக மற்றொரு நன்மையை அழிக்கவேண்டுமா என்று எழுத்தாளரும் வாசகரும் மாணவரும் கேட்டார்கள். வழக்குத் தொடுக்கப்பட்டது. சில நாட்களிலேயே சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நூலகம் நிலைத்தது.

நிறுவனம் அமைந்தால் மட்டும் போதாது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 2019 செப்டம்பர் முதல் நாள் நடந்த தொகுதி நான்கு தேர்வின் தரவரிசை வெளியானபோது, முன்னிடங்களில் இராமேசுவரம், கீழக்கரை ஆகிய இரு மையங்களில் எழுதியோர் பலர் இருந்தனர். தேர்வெழுதிய மற்ற இளைஞர்களே முதலில் ஐயம் எழுப்பினர். விசாரணையில் முறைகேடு வெளிப்பட்டது. 2020 சனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் முழுவதும் தேர்வெழுதத் தடை விதிக்கப்பட்டது. உழைத்துப் படித்தவர்கள் கண்விழித்திருந்ததால் விதி காப்பாற்றப்பட்டது.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. 2024 சூன் 9-ஆம் நாள் நடந்த தொகுதி நான்கு தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 20 இலட்சம். ஓர் இடத்துக்கு முந்நூற்றுக்கு மேற்பட்டோர்! இடங்கள் பின்னர்க் கூட்டப்பட்டபோதிலும் போட்டி கடுமையாகவே இருந்தது. நேர்மையான தேர்வு இருக்கும் வேலையை முறையாகப் பகிர்ந்தளிக்கும். இல்லாத வேலையைப் படைக்காது. அதைப் படைக்கவேண்டியவை தொழிலும், உழவும், அவற்றை வழிநடத்தும் அரசின் கொள்கையும் ஆகும். ஆதலின் தேறாத இளைஞனைத் தகுதியற்றவன் என்று எண்ணுவது கணக்கறியாதவர் செயல்.

மாணவர்களே, நீங்களும் நாளை இவ்வரிசையில் நிற்கக்கூடும். அப்போது உங்களுக்குக் கோபம் வரும், வருவது இயல்பு. எனக்கு மட்டும் ஒரு சலுகை தா என்று கேட்ட கோபம் இந்நாட்டில் ஒரு நிறுவனத்தையும் உண்டாக்கவில்லை. எல்லோருக்கும் ஒரு விதி வை என்று கேட்ட கோபம் தேர்வாணையத்தைத் தந்தது, தேர்வின் மொழியைக் காத்தது, நூலகத்தை மீட்டது. தேர்வுக்கு எத்தனை ஆண்டு கொடுப்பது என்று முதலிலேயே ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளில் கையில் ஒரு தொழிலையும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஓர் அண்ணனோ அக்காளோ இன்று படித்துக்கொண்டு காத்திருந்தால், அவர்களைச் 'சும்மா இருக்கிறார்' என்று எவரேனும் சொல்லும்போது, அது உண்மையன்று என்று எடுத்துச் சொல்லுங்கள்.