பங்குதாரர்களைக் குறிவைக்கும் தொலைபேசி மோசடி

ஒரு கம்பெனியில் ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவரை, அவர் கேளாமலேயே தொலைபேசியில் அழைத்து, பங்கை வாங்கவோ விற்கவோ மீட்கவோ உதவுவதாகச் சொல்லி, பணத்தையோ பங்கையோ பறித்துக்கொள்ளும் குற்றம் இது. லாட்டரி விழுந்தது, பார்சல் சிக்கியது என்று கண்ட எண்களுக்கெல்லாம் அழைக்கும் மோசடி வேறு. இங்கே அழைப்பவர் கையில் முன்னதாகவே ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கிறது. எதிர்முனையில் இருப்பவர் யார், எந்தக் கம்பெனியில் எத்தனை பங்கு வைத்திருக்கிறார் என்பது தெரிந்தபிறகே எண்ணைச் சுழற்றுகிறார். "இவ்வளவு சரியாகச் சொல்கிறாரே, கம்பெனி ஆளாகத்தான் இருப்பார்" என்று கேட்பவர் நம்பிவிடுவது அதனால்தான்.

திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் அமராவதி ஆற்றங்கரையில் உள்ள பேரூராட்சி கொமரலிங்கம். ராஜவாய்க்கால் பாசனத்தில் நெல்லும் கரும்பும் தென்னையும் விளையும் ஊர். பங்குச்சந்தைக்கும் இப்படிப்பட்ட ஊருக்கும் தொடர்பில்லை என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கலாம். ஆனால் இந்தப் பகுதி விவசாயக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகப் பங்குதாரர்கள். தாத்தா காலத்து மில் பங்கு, அப்பா பெயரில் சர்க்கரை ஆலை பங்கு, பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் மகனின் டிமேட் கணக்கு (மின்னணுப் பங்குக் கணக்கு) என மூன்றும் ஒரே வீட்டில் இருப்பதுண்டு. மூன்றுக்கும் மூன்று விதமான அழைப்புகள் உண்டு.

தோற்றமும் வரலாறும்

கோவை வட்டாரத்தில் பங்கு என்பது பருத்தியோடு வந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1910இல் லட்சுமி மில் வந்தது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் பெருகின. உடுமலைப்பேட்டைக்கும் மில்கள் வந்தன. இவற்றுக்கான முதல் பெரும்பாலும் வங்கிகளிலிருந்து வரவில்லை; தோட்டம் வைத்திருந்த குடும்பங்களிடமிருந்து, உறவுமுறை, ஊர்முறை பார்த்துத் திரட்டப்பட்டது. பங்கு கேட்டு வந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியவர். அவருடைய மில், அதன் சங்கு காதில் விழும் தொலைவில் இருந்தது. பங்கு கேட்டு வருபவரை நம்பலாம் என்ற பழக்கம் இந்த மண்ணில் அப்படித்தான் வேரூன்றியது. பின்னாளில் முகம் தெரியாத குரல்கள் பயன்படுத்திக்கொண்டது இந்தப் பழக்கத்தைத்தான்.

அழைப்பவர் கையில் இருக்கும் பெயர்ப்பட்டியலின் வரலாறும் அதே காலத்தைச் சேர்ந்தது. 1913ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டப்படி ஒவ்வொரு கம்பெனியும் உறுப்பினர் (பங்குதாரர்) பதிவேடு வைக்க வேண்டும். சிறு கட்டணம் செலுத்தி வெளியாரும் அதைப் பார்வையிடலாம். இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றி வந்த ஏற்பாடு இது. யார் கம்பெனியின் சொந்தக்காரர்கள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும் என்ற நல்ல நோக்கம் அதற்கு இருந்தது. ஆனால் அந்தப் பதிவேட்டிலிருந்து பெயர்களை எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போய் மதிப்பற்ற பங்குகளை விற்பவர்கள் இங்கிலாந்திலேயே பெருகினார்கள். வீடு தேடிச் சென்று பங்கு விற்பதை அந்நாட்டின் 1929ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் தடை செய்தது. உடனே அவர்கள் தொலைபேசிக்கும் தபாலுக்கும் மாறினார்கள். இதை ஆராய்ந்த போட்கின் குழு 1937இல் அறிக்கை தந்தது; 1939இல் முதலீட்டு மோசடித் தடுப்புச் சட்டம் வந்தது. வாசலில் தடுத்தால் கம்பி வழியாக வருவது இத்தொழிலின் தொடக்ககால இயல்பு.

அமெரிக்காவில் இது பெருந்தொழிலாக வளர்ந்தது. ஒரே கூடத்தில் வரிசையாக இளைஞர்களை உட்காரவைத்து, எழுதிக்கொடுத்த வசனத்தை நாள் முழுக்கப் பேசவைக்கும் இடங்களுக்கு பாய்லர் ரூம் என்று பெயர். நியூயார்க் லாங் ஐலண்டில் இயங்கிய ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட் 1996இல் தரகர் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. இந்தியாவில் இதற்கு நெருங்கிய வடிவம் இந்தூரில் உருவானது. 2013இல் முதலீட்டு ஆலோசகர்களுக்குப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதிமுறை வகுத்த பிறகு, அந்நகரிலிருந்து இயங்கிய பல ஆலோசனை நிறுவனங்கள் மீது செபி அடுத்தடுத்து உத்தரவுகள் பிறப்பித்தது. இரண்டு நாள் இலவச டிப்ஸ், பிறகு சந்தா, பிறகு நஷ்டத்தை ஈடுகட்ட இன்னும் பெரிய சந்தா என்பதுதான் அங்கிருந்து வந்த அழைப்புகளின் நடை.

தமிழ்நாட்டில் இம்மோசடிக்கு வளமான நிலத்தை உண்டாக்கியவை இரண்டு நிகழ்வுகள். 1992இல் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாடு நீங்கியதும் புதுக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் பங்கு வெளியிட்டன. அவற்றில் 200க்கு மேற்பட்டவை பணத்தோடு மறைந்துவிட்டதாக அரசே பின்னர் பட்டியலிட்டது. அவற்றின் பத்திரங்கள் இன்னும் பீரோக்களில் கிடக்கின்றன. அடுத்து, கோவைப் பங்குச்சந்தை 2013இலும் சென்னைப் பங்குச்சந்தை 2015இலும் மூடப்பட்டன. இந்த வட்டாரச் சந்தைகளில் மட்டும் பட்டியலிடப்பட்டிருந்த கம்பெனிகளின் பங்குகளுக்கு விலை சொல்ல ஆளில்லாமல் போனது. விலை தெரியாத பங்கு கையில் இருப்பவருக்கு "நான் வாங்கிக்கொள்கிறேன்" என்ற ஒரு குரலே பெரிய ஆறுதல்.

திருப்பூரில் 2008, 2009இல் நடந்த பாசி ஃபோரக்ஸ் டிரேடிங் மோசடியையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். சுமார் 930 கோடி ரூபாய் திரட்டப்பட்ட அந்த வழக்கில், வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்ட வழக்குகளை விசாரிக்கும் கோவை டான்பிட் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அது உள்ளூர் அலுவலகம் திறந்து வைப்புத்தொகை வாங்கிய மோசடி. முன்பின் தெரியாத அழைப்பில் தொடங்கியதல்ல. எனவே இக்கட்டுரையின் வரம்பில் அது வராது.

வகைகள்

முதல் வகை மீட்பு அழைப்பு. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் பெறப்படாத பங்குகள், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு (ஐஇபிஎஃப்) போய்விடும். உரியவர் ஐஇபிஎஃப்-5 என்ற படிவத்தை நிரப்பி, கம்பெனியின் பொறுப்பு அலுவலருக்கு ஆவணங்களை அனுப்பித் திரும்பப் பெறலாம். விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் இல்லை. இதைத்தான் அழைப்பவர் விலைக்கு விற்கிறார்: "அண்ணா, உங்கய்யன் பேர்ல மில் சேர் 200 கெடக்குதுங்க. இப்ப மதிப்பு எட்டு லட்சத்துக்கு மேல. ஃபைல் சார்ஜ் பதினெட்டாயிரம் கட்டுனா பதினஞ்சு நாள்ல உங்க அக்கவுண்ட்டுக்கு வந்துருங்க." இறந்தவர் பெயர், பழைய வீட்டு முகவரி இரண்டும் சரியாக இருக்கும். கூலி வாங்கிக்கொண்டு முறையாக வேலை முடித்துத் தரும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். ஆனால் வேலைக்கு முன்பே பணம் கேட்பவரை அவர்களோடு சேர்க்க முடியாது.

இந்தப் பெயரும் முகவரியும் எங்கிருந்து கிடைக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். உறுப்பினர் பதிவேட்டைப் பார்வையிடுபவருக்கு முகவரி, மின்னஞ்சல், பான் எண் காட்டக் கூடாது என 2022இல் விதி திருத்தப்பட்டது. ஆனால் டிவிடெண்ட் பெறாதவர்களின் பெயரையும் கடைசியாகத் தெரிந்த முகவரியையும் கம்பெனி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று அதே கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. ஒரு கதவைப் பூட்டி இன்னொன்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள். உரியவர் தன் பங்கைக் கண்டுபிடிக்கப் பெயரும் ஊரும் போதும். முழு முகவரியால் பயன்பெறுபவர் வேறொருவர்.

இரண்டாம் வகை கொள்முதல் அழைப்பு. சந்தையில் விலையில்லாத பங்கை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, முத்திரைத்தாள் செலவு, வரி, டிமேட் மாற்றக் கட்டணம் என்று வரிசையாக வசூலிப்பது. மேலும் 2019 ஏப்ரல் முதல், பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் காகிதப் பங்குகளைப் பெயர் மாற்றி விற்க முடியாது. அப்படிப்பட்ட பத்திரத்தை "அப்படியே வாங்கிக்கொள்கிறேன்" என்பவர் பொய் சொல்கிறார். கிருஷ்ணாபுரம் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலையில் கரும்பு விவசாயிகள் வைத்திருப்பது அங்கத்தினர் பங்கு. சந்தையில் விற்கக் கூடியதல்ல. அதற்கு வெளியூரிலிருந்து எவராவது விலை பேசினால் மேற்கொண்டு விசாரிக்கவே தேவையில்லை.

மூன்றாம் வகை தள்ளிவிடும் அழைப்பு. ஒரு சிறு கம்பெனியின் பங்கை மலிவாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள், அது ஏறப்போகிறது என்று பங்குதாரர்களுக்குச் சொல்லி வாங்கவைத்து, விலை ஏறியதும் தங்கள் கையிருப்பை விற்றுவிட்டுப் போவார்கள். இதில் பங்கு உண்மையானது, தரகர் உண்மையானவர், ரசீதும் உண்மையானது. அதனால் கண்டுபிடிப்பது கடினம். புகார் கொடுப்பவரும் குறைவு.

நான்காவது கணக்கைக் கைப்பற்றும் அழைப்பு. கேஒய்சி காலாவதி, டிமேட் முடக்கம் என்று பயமுறுத்தி ஓடிபி வாங்குவது. பழைய நாட்களில் பங்கை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும் டெலிவரி இன்ஸ்ட்ரக்ஷன் ஸ்லிப்பை நிரப்பாமல் அதில் கையெழுத்து வாங்கிச் செய்த வேலையை இன்று நான்கு இலக்க, ஆறு இலக்க எண்கள் செய்கின்றன.

ஐந்தாவது மிகக் கொடியது. ஏற்கெனவே ஏமாந்தவரையே மறுபடி அழைத்து, செபியிலிருந்து பேசுகிறோம், சைபர் கிரைமிலிருந்து பேசுகிறோம், போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று சொல்லி இன்னொரு முறை கறப்பது. முதல் மோசடிக்காரர்கள் தயாரித்த பட்டியல்தான் இதற்கும் உதவுகிறது.

ஏமாறுபவர் யார்

பேராசைக்காரர்களே ஏமாறுகிறார்கள் என்ற கருத்து பரவலாக உள்ளது. அது சரியல்ல. அமெரிக்கத் தரகர் சங்கத்தின் கல்வி அறக்கட்டளைக்காக 2006இல் நடந்த ஆய்வில், முதலீட்டு மோசடியில் பணம் இழந்தவர்கள் நிதி அறிவுக் கேள்விகளில் மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். மோசடிக்காரர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்ட ஆய்வாளர்கள், பெரிய லாபக் கனவு, நம்பகமான பதவிப் பெயர், "எல்லோரும் வாங்கிவிட்டார்கள்" என்ற பேச்சு, சிறு உதவி செய்து கடன்பட வைப்பது, இன்றே கடைசி என்ற அவசரம் ஆகியவை மாறி மாறி வருவதைக் கண்டார்கள். ஏமாந்தவரைக் குற்றவாளியாக்கும் பேச்சு, அவர் வீட்டில்கூடச் சொல்லாமல் மறைக்கவே வழி செய்கிறது. காவல் நிலையம் போவது தாமதமாகிறது.

அடையாளமும் தற்காப்பும்

பங்குப் பதிவாளரோ கம்பெனியோ டிவிடெண்ட், பங்கு மீட்பு பற்றிப் பேச வேண்டுமென்றால் தபாலில் கடிதமோ கம்பெனியின் மின்னஞ்சலோ வரும். முன்பணம் கேட்டு வாட்ஸ்அப்பில் கியூஆர் படம் வராது. செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகரின் எண் ஐஎன்ஏ என்றும், ஆராய்ச்சி ஆய்வாளரின் எண் ஐஎன்ஹெச் என்றும், தரகரின் எண் ஐஎன்இசட் என்றும் தொடங்கும். வேறொருவரின் உண்மையான எண்ணைக் காட்டி ஏமாற்றுவதும் நடப்பதால், எண் இருந்தால் மட்டும் போதாது. செபி இணையதளத்தில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ள பெயரையும் தொலைபேசியையும் பார்த்து, அங்கிருக்கும் எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும். லாபத்துக்கு உத்தரவாதம் தர எந்தப் பதிவு பெற்ற ஆலோசகருக்கும் அனுமதி இல்லை. "கம்பெனி செக்ரட்டரிகிட்டயே கேட்டுக்கறேனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டால் உண்மையான அலுவலர் கோபிக்கப் போவதில்லை. நீண்டநாள் விற்கப்போவதில்லை என்றால் டிமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியேறாதபடி முடக்கி வைக்கலாம். வயதானவர்களின் கணக்குக்கு இது மிகப் பயனுள்ள ஏற்பாடு. வீட்டில் பழைய பத்திரங்கள் இருந்தால், அழைப்பு வரும்வரை காத்திராமல் ஐஇபிஎஃப் தளத்தில் பெயரைத் தேடிவிடுவது நல்லது.

சட்டமும் இன்றைய நிலையும்

ஆள்மாறாட்டம் செய்து தொலைத்தொடர்புக் கருவி வழியே ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் வருகிறது. ஏமாற்றுதல் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் வருகிறது. செபியின் 2003ஆம் ஆண்டு மோசடித் தடுப்பு விதிமுறைகள் தள்ளிவிடும் வகைக்குப் பொருந்தும். இப்போது அழைப்புகள் கேட்பவரை வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போலிச் செயலிகளுக்கும் இழுத்துச் செல்கின்றன. பணம் உண்மையான தரகருக்குத்தான் போகிறதா என்று பார்க்க, 2025 அக்டோபர் முதல் பதிவு பெற்ற தரகர்களுக்கு "வேலிட்" என்ற சொல் இடம்பெறும் தனி யுபிஐ முகவரி நடைமுறையில் உள்ளது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்ல வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் வங்கி முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வழியுண்டு. பதிவு பெற்ற தரகர், ஆலோசகர் மீதான புகார்கள் செபியின் ஸ்கோர்ஸ் தளத்துக்கும், மோசடி முயற்சி செய்த எண்கள் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதிக்கும் செல்ல வேண்டும்.