கிட்னி செயலிழந்தால் குடலும் பாதிக்குமா? புரதத்தைக் குறைக்கச் சொல்வது ஏன்?

கிட்னியில் பிரச்னைன்னு டாக்டர் சொன்னதுமே, பல வீடுகளில் பருப்பு, முட்டை, மீன் எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்திடுவாங்க. ஆனா புரதத்துக்கும் கிட்னிக்கும் நடுவுல குடலும் இருக்கு என்பது பலருக்குத் தெரியாது.

குடல் சுவரின் வேலை என்ன?

குடலின் உள்பக்கத்தை மூடியிருப்பது ஒரே ஒரு வரிசை செல்கள்தான். இந்தச் செல்களை இடைவெளி இல்லாமல் சில புரத இணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. சத்து ரத்தத்துக்குள் போகணும், பாக்டீரியா போகக் கூடாது. அதுக்கான காவல்தான் இது.

கிட்னி செயலிழந்தால் என்ன நடக்கும்?

புரதம் உடலில் சிதையும்போது யூரியா உருவாகும். வழக்கமா அது சிறுநீரில் வெளியேறிடும். கிட்னி செயலிழந்தால் ரத்தத்தில் தேங்கி, குடலுக்குள்ளும் கசியும். அங்குள்ள சில பாக்டீரியாக்கள் யூரியாவை அமோனியாவாக மாற்றும். இந்த அமோனியா செல் இணைப்புகளைத் தளர்த்திவிடும். அந்த இடைவெளி வழியா பாக்டீரியாவின் துண்டுகள் ரத்தத்தில் கலந்தால், உடல் முழுக்க அழற்சி ஏற்படலாம்.

இந்தச் சேதம் இதுவரை தெளிவாகப் பார்க்கப்பட்டது ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும்தான்.

செரிக்காத புரதம் என்ன செய்யும்?

அளவுக்கு மீறிய புரதம் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போனால், பாக்டீரியாக்கள் அதை இண்டோல், பி-கிரெசால் போன்ற பொருட்களாக மாற்றும். கல்லீரல் வழியா இவை நச்சுகளாக மாறி ரத்தத்தில் சேரும். ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், டயாலிசிஸில் கூட இவை முழுசா நீங்காது.

பொட்டாசியத்துக்குப் பயந்து பழம், காய்கறியைக் குறைப்பதும் ஒரு காரணம். நார்ச்சத்து குறைஞ்சா, குடல் செல்களுக்கு உணவான பியூட்டிரேட்டும் குறையும்.

அப்போ பருப்பே சாப்பிடக் கூடாதா?

சாப்பிடலாம். அளவுதான் முக்கியம். டயாலிசிஸ் தொடங்காத, 3 முதல் 5-ம் நிலை நோயாளிகளுக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு தினமும் 0.8 கிராம் புரதம் என்கிறது 2024 சர்வதேச வழிகாட்டுதல். 60 கிலோ எடை என்றால் 48 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்.

டயாலிசிஸ் தொடங்கிட்டா கணக்கே மாறும். அப்போது அமினோ அமிலங்களும் வெளியேறுவதால், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை. அதே 60 கிலோ நபருக்கு 60 முதல் 72 கிராம். பழைய பத்தியத்தையே தொடர்ந்தால் தசை கரைந்து உடல் பலவீனமாகும்.

அதனால நீங்களாகவே எதையும் நிறுத்தாதீங்க. புரோட்டீன் பவுடரையும் கேட்காமல் எடுக்காதீங்க. அடுத்த செக்கப்பில் டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ இரண்டு கேள்வி கேளுங்க: 'எனக்கு தினமும் எத்தனை கிராம் புரதம்? எந்தக் காய், பழம் சாப்பிடலாம்?'