இடுக்கை அடைத்த வேதியியல்

மரக் கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே மயிரிழை போன்ற இடுக்கு விழுந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை அடைத்து வண்ணம் பூசினாலும் சில காலத்தில் மீண்டும் வாய் பிளக்கிறது. ஏன்?

மரம் ஈரக் காற்றில் உப்புகிறது. வறண்ட காற்றில் சுருங்குகிறது. இழைகளின் நீளவாக்கில் இம்மாற்றம் மிகக் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம். சுவரோ மரத்துடன் சேர்ந்து அசைவதில்லை. எனவே இடுக்கை அடைக்கும் பொருள் மரத்தோடு நீண்டு சுருங்க வேண்டும். தன்மேல் பூசும் வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். இவ்விரு குணங்களையும் ஒருங்கே பெறுவது எளிதாக இருக்கவில்லை.

ஐரோப்பாவில் நெடுங்காலம் பயன்பட்டது மக்கு. சீமைச் சுண்ணாம்புத் தூளை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து இதைச் செய்வார்கள். இந்த எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படுகின்றன. நாளடைவில் மக்கு விறைத்துவிடும். வண்ணத்தை அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் மரத்தின் அசைவைத் தாங்காமல் வெடிக்கும்.

விடையின் ஒரு பாதி நாம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1899-இல் பிரெடெரிக் கிப்பிங் என்ற வேதியியலார் சிலிக்கன் சேர்மங்களை ஆராயத் தொடங்கினார். தூய சேர்மங்களைத் தேடிய அவருக்குப் பசை போன்ற பொருள்கள் பெருந்தொல்லையாயின. பின்னாளில் ஆற்றிய சொற்பொழிவிலும் இத்துறையின் வருங்காலம் பற்றி அவர் நம்பிக்கையுடன் பேசவில்லை. ஆனால் அவர் வெறுத்த பசைகளே சிலிகோன்கள்! 1943-இல் அவற்றைத் தயாரிக்க அமெரிக்காவில் டௌ கார்னிங் நிறுவனம் தோன்றியது.

சிலிகோன் ரப்பர் நன்றாக நீளும். நீருக்கும் வெயிலுக்கும் அஞ்சாது. ஆனால் அதன்மேல் வண்ணம் பூசிப் பாருங்கள்! தாமரை இலைத் தண்ணீர்போலத் திரண்டு விலகும். காய்ந்தபின் தோலாக உரிந்து வரும். நீரை ஒட்டவிடாத குணமே வண்ணத்தையும் விரட்டுகிறது.

மறுபாதி ஜெர்மனியில் உருவானது. 1901-இல் ஆட்டோ ரோம் என்ற மாணவர் அக்ரிலிக் சேர்மங்களைப் பற்றித் தம் ஆய்வேட்டை எழுதினார். அவர் ஊன்றிய வித்து மெதுவாக வளர்ந்தது. 1953-இல் வீட்டு வண்ணங்களுக்கான அக்ரிலிக் பால்மம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பின்னர் இடுக்கு அடைக்கும் பசையிலும் அக்ரிலிக் புகுந்தது. இது சிலிகோன் அளவுக்கு நீளாது. ஆயினும் மக்கைப்போல் விறைப்பதில்லை. வண்ணமும் இதில் நன்றாகப் பற்றுகிறது.

ஆனால் இதற்குப் பொறுமை வேண்டும். இதிலுள்ள நீர் வெளியேறும்போது பசை சுருங்கும். அதற்குள் வண்ணம் பூசினால் மேற்படலம் விரிசல் விடும்.

எனவே பசைக் குழாயை வாங்கும்முன் அதன்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கழுவுதொட்டியின் ஓரத்துக்குச் சிலிகோன். வண்ணம் பூசும் இடத்துக்கு அக்ரிலிக். தவறிச் சிலிகோனை இட்டுவிட்டால், எத்தனை முறை வண்ணம் பூசியும் பயனில்லை; முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.