பொருளறிந்து துலக்குதல்

தூய்மை செய்தல் எளிய தொழில் என்பது பலருடைய எண்ணம். துணியும் தண்ணீரும் கைவலிமையும் இருந்தால் எப்பொருளையும் பளபளக்கச் செய்துவிடலாம் என்று நாம் கருதுகிறோம். ஆனால் வரலாற்றைப் புரட்டினால், அழுக்கு கெடுத்த பொருள்களைப் போலவே, அழுக்கை நீக்கப் புகுந்த கைகள் கெடுத்த பொருள்களும் பலவாகக் காணப்படும். துலக்குவதற்கு முன், துலக்கப்படும் பொருள் யாது என்று அறிதல் வேண்டும். இவ்வுண்மையை இக்காலத்துப் பந்தயக் காரில் தொடங்கி, நம் காவிரிக்கரைக் கோயில்கள் வரை சென்று காண்போம்.

மாணவர்களே! மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதன் உடல், குதிரை வண்டியைப் போல, மரச் சட்டத்தாலும் தகட்டாலும் ஆயிற்று. அதன்மேல் வார்னிஷைப் பல முறை பூசி உலர்த்துவதற்கே வாரக்கணக்கில் காலம் பிடித்தது. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டூகோ என்னும் விரைந்து உலரும் பூச்சு வழக்கத்திற்கு வந்தது. 1953இல் செவர்லே நிறுவனத்தின் கார்வெட் என்னும் விளையாட்டுக் கார், கண்ணாடி இழையாலான உடலுடன் வெளிவந்தது. 1981இல் மெக்லாரன் நிறுவனத்தார் கார்பன் ஃபைபரால் ஆன உடற்கூட்டை அமைத்துப் பந்தயக் காரைக் களத்தில் இறக்கினர்.

பொருள் மாற மாற, துடைக்கும் முறையும் மாற வேண்டியதாயிற்று. கார்பன் ஃபைபர் என்பது மெல்லிய கரி இழைகளைப் பிசினில் தோய்த்து இறுக்கிய பொருள். கடுமையான கரைப்பான் பட்டால், அதனைக் காத்து நிற்கும் தெளிந்த மேற்பூச்சு மங்கிவிடும். பளபளப்பில்லாத மேட் வண்ணத்தை மெருகேற்றித் தேய்த்தால், தேய்த்த இடம் மட்டும் மினுமினுத்துத் திட்டாக நிற்கும். மறுபடி வண்ணம் பூசாமல் அத்திட்டு மறையாது. முன்விளக்கை மூடிய பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் மீது அம்மோனியா கலந்த நீர் படலாகாது. பட்டால் அது மங்கி, நுண்ணிய வெடிப்புகள் காணும். இவை எல்லாவற்றிற்கும் பொதுவான பகை ஒன்று உண்டு. தூசி படிந்த காரின் மேல் தண்ணீர் ஊற்றாமல் உலர்ந்த துணியால் துடைத்தால், இடையே சிக்கிய மணல் துகள்கள் உப்புத்தாளைப் போல வண்ணத்தைக் கீறிவிடும்.

இத்தொல்லை புதுப்பொருள்களுக்கே உரியது என்று எண்ணிவிட வேண்டா. கீறிய காருக்கு மறுபடி வண்ணம் பூசலாம். ஆயிரம் ஆண்டு மூத்த பொருளுக்கு அவ்வாறு செய்ய இயலுமா? தஞ்சை நாட்டின் செல்வங்களான படிமம், ஓவியம், கல்வெட்டு ஆகிய மூன்றையும் வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

முதலாவது செப்புப் படிமம். குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்ப்பது நம் இல்லங்களின் வழக்கம். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். நாள்தோறும் புழங்கும் விளக்கிற்கு இது பொருந்தும். மண்ணுள் நூற்றாண்டுக் கணக்காகப் புதைந்து கிடந்த படிமத்திற்கோ இது பொருந்தாது. மண்ணிலுள்ள உப்பு செம்போடு கூடிக் குளோரைடாகிறது. ஈரக்காற்றுப் பட்டவுடன் அது வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கி உலோகத்தை அரிக்கிறது. மேலே தேய்ப்பதால் இந்நோய் தீராது. படிமத்தின் விரல் நகமும் அணிகலன் வேலைப்பாடுமே தேயும். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன், 1930களில் மின்பகுப்பு முறையால் இதற்கு மருந்து கண்டார். படிமத்தைக் காரக் கரைசலில் அமிழ்த்தி, மெல்லிய மின்னோட்டத்தை நெடுநேரம் செலுத்த, மேலோடு சிறிது சிறிதாக இளகியது. பின்பு, உப்பு முற்றும் நீங்கும்வரை தூய நீரில் பலமுறை கழுவப்பட்டது. கைவலிமை செய்ய முடியாததைப் பொறுமை செய்தது.

இரண்டாவது ஓவியம். 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றில், 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி ஓர் அரிய காட்சியைக் கண்டார். நாயக்கர் காலத்துச் சுதை உதிர்ந்த இடங்களில், அதன் கீழே சோழர் ஓவியம் தோன்றியது! அவ்வோவியத்தின் சுதையையும் வண்ணத்தையும் முற்கூறிய பரமசிவனே ஆராய்ந்தார். ஈரச் சுண்ணச் சுதையின் மீது எழுதிய வண்ணம், சுதை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகுங்கால் அதனுள் பிணைந்துவிடுகிறது. அச்சுண்ணத்தின் மீது அமிலம் பட்டால் அது கரையும். வண்ணமும் உடன் போகும்.

சோழர் ஓவியத்தைக் காண்பதற்கு நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டி எறிந்திருக்கலாம். ஆனால் அதுவும் வரலாறே அன்றோ? ஆகவே இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலார், மேலடுக்கைச் சிதையாமல் பிரித்தெடுத்துக் கண்ணாடி இழைப் பலகைகளில் பதித்துக் காத்தனர். கார்வெட் காருக்கு உடலாக அமைந்த அதே வகைப் பொருள், இங்கே பழைய ஓவியத்திற்கு முதுகெலும்பாயிற்று. இரண்டு காலத்து ஓவியங்களும் பிழைத்தன.

மூன்றாவது கல்வெட்டு. திருவையாற்று ஐயாறப்பர் கோயிலின் வளாகத்தில் வட கைலாயம் என்னும் கோயில் உளது. முதலாம் இராசராசனின் அரசி உலகமாதேவி இதனை எடுப்பித்தார் என்பதை நாம் அறிவது எவ்வாறு? அங்குள்ள கல்வெட்டுகளால் அறிகிறோம். கருங்கல் வலியதாயினும், அதில் வெட்டிய எழுத்தின் ஆழம் சிறிது. அண்மைக் காலத்தில் திருப்பணி என்னும் பெயரால், தமிழகக் கோயில்கள் பலவற்றில் அழுத்தக் காற்றோடு மணலை வீசிச் சுவர்களைத் தூய்மை செய்தனர். எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போயின. அவற்றோடு கல்லின் மேல்தோலும் எழுத்தின் கூர்மையும் போயின. அறநிலையத் துறை இம்முறையைப் பின்னர்த் தடை செய்தது. எனினும், படியெடுக்கப்படாமலே தேய்ந்துபோன எழுத்தை எவர் மீட்டுத் தரவல்லார்? இதனைச் செய்தவர்கள் பகைவர் அல்லர். கோயில் பொலிவுற வேண்டும் என்று விரும்பிய அன்பர்களே. அறிவோடு கூடாத அன்பும் கேடு செய்யும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இம்மூன்றிலிருந்தும் பெறத்தக்க விதிகள் சில. பொருள் எதனால் ஆயது என்று முதலில் அறிக. மென்மையான முறையையே முன்னர்க் கையாள்க. கடுமையானதைக் கடைசிக்கு வைக்க. கண்ணுக்குத் தோன்றாத மூலை ஒன்றில் சிறிதளவு சோதித்துப் பார்க்க. மீட்க முடியாத எதனையும் விரைந்து செய்யாதொழிக. ஐயம் தோன்றினால் கையை நிறுத்தி, அறிந்தாரைக் கேட்க. பந்தயக் காரைத் துடைப்பவனுக்கும் பழங்கோயிலைக் காப்பவனுக்கும் இவ்விதிகள் ஒன்றே.

மாணவர்களே! நாளை உங்கள் ஊர்க் கோயிலில் உழவாரப் பணிக்கு நீங்கள் அழைக்கப்படலாம். மகிழ்ச்சியோடு செல்லுங்கள். புல்லையும் குப்பையையும் நீக்குங்கள். ஆனால் எழுத்துள்ள சுவரின் அருகே கம்பித் தூரிகையோ அமிலமோ கொண்டு எவரேனும் வந்தால், பணிவோடு தடுத்து, தொல்லியல் அறிந்தவரை அழைக்கச் சொல்லுங்கள். அன்று நீங்கள் காக்கும் ஒரு வரி, பிற்காலத்தார் படிக்கும் வரலாற்றில் ஒரு பக்கமாகலாம்.